நாற்பத்தோரு பேருக்கு ஒரே நம்பர்

தலைச்சோலைக்கு மேலே ஒரு மேட்டு வளைவில் இருக்கிறது தேவகுமாரியின் வீடு. ஊர் முழுக்கக் கீழே பள்ளத்தில், காப்பித் தோட்டத்துக்கும் சாமைக்காட்டுக்கும் நடுவே சிதறிக் கிடக்கிறது. அந்த ஊருக்கு ரோடு வந்துவிட்டது, கரண்டு வந்துவிட்டது, செல்போன் சிக்னல் மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தேவகுமாரி வீட்டுப் பின்புறம் துணி துவைக்கிற கல்லின் மேல் போனை வைத்தால் மூன்று கோடு எடுக்கும். கல்லை விட்டு ஒரு முழம் தள்ளினால் அதுவும் போய்விடும்.

ஆகவே முதியோர் பணம், விதவைப் பணம் என்று எதற்கு எழுதிக் கொடுத்தாலும், போன் நம்பர் கேட்ட இடத்தில் ஊரே தேவகுமாரியின் நம்பரைச் சொன்னது. ஒரே குழாய் இருக்கிற ஊரில் எல்லோரும் அங்கேதானே குடம் வைப்பார்கள்? அவளையும் சேர்த்து நாற்பத்தோரு பேர் அந்த நம்பருக்குக் கீழே இருந்தார்கள்.

தேவகுமாரிக்கு அதில் பெருமைதான். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த கணவர் சிங்கராயர் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியவை அந்த வீடும், மாசா மாசம் வரும் விதவைப் பணமும், ஒரு தொண்டையும். தொண்டையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் பாட ஆரம்பித்தால் ஆர்மோனியம் வாசிப்பவர் கையை எடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். பங்குச் சாமியார் நயமாகப் பேசி அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் இருந்தவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

அந்தத் தொண்டைக்கு ஏற்ற உத்தியோகம் ஓ.டி.பி. வந்த பிறகுதான் கிடைத்தது. மாதம் ஒருமுறை பேங்க்கிலிருந்து ஓர் ஆள், ஏரியல் வைத்த மெஷினோடு வந்து பள்ளத்தில் பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து பணம் கொடுப்பார். காப்பி பறித்தே தேய்ந்த விரல்களில் ரேகை விழாது. உடனே மெஷின் ஓர் ஓ.டி.பி.யை மேட்டில் இருக்கும் தேவகுமாரியின் போனுக்கு அனுப்பும். இறங்கிப் போய்ச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிடும் என்பதால், அவள் கல்லின் மேல் ஏறி நின்று பேர் சொல்லி, எண் சொல்லிக் கூவுவாள். அந்தச் செய்தியின் கடைசியில் ‘இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று வரும். கடமை தவறாதவள் என்பதால் அதையும் சேர்த்தே கூவுவாள். எதிர்மலையில் மாடு மேய்ப்பவர்களுக்குக்கூட யாருக்கு என்ன எண் வந்தது என்று தெரியும். அப்படியும் அந்த ஊரில் ஒரு ரூபாய் திருட்டுப் போனதில்லை.

இந்த நிலையில்தான், உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைப் பிடிக்க மேலிடத்தில் ஒரு புது கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தார்கள். அது டவுனில் படித்த கம்ப்யூட்டர். டவுனில் பத்துப் பேர் பணம் ஒரே போன் நம்பரில் இருந்தால், அங்கே ஒரு புரோக்கர் இருப்பான். வீட்டுக்குக் கதவு எண் இல்லையென்றால் அது போலி விலாசமாக இருக்கும். இந்தப் பாடத்தை நெட்டுரு போட்டுக்கொண்டு அது மலையை எட்டிப் பார்த்தது. மலையில் எந்த வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது? சிக்னல் எத்தனை கல்லில் எடுக்கிறது? அதையெல்லாம் அதற்குச் சொல்லித்தர ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு காலையில் போன் கல்லின் மேல் இருந்து விடாமல் மணியடித்தது. தேவகுமாரி சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு முதல் செய்தியைப் படித்தாள். சந்தேகத்தின் பேரில் செல்லப்பனின் பணம் நிறுத்தப்பட்டது என்று இருந்தது. பழக்கதோஷத்தில் கல்லில் ஏறி அதைக் கூவிவிட்டாள். அடுத்தது வெள்ளையம்மாள். அதற்கடுத்தது இன்னொரு வெள்ளையம்மாள். ஒவ்வொரு பேராக அவள் கூவக் கூவப் பள்ளத்தில் வேலை நின்றது. கடைசியில் வந்தது அவளுடைய பேர். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் மெதுவாகப் படித்தாள்.

மறுநாள் பஸ் பிடித்து ஏற்காட்டுக்குப் போய் இ-சேவை மையத்தில் விசாரித்தாள். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, அவளுக்குத் தொண்ணூற்று நாலு போட்டிருக்கிறது என்றாள். நூற்றுக்கா என்று கேட்டாள் தேவகுமாரி. ஆமாம் என்றதும், எட்டாவதில் கணக்கில் பெயிலான அவளுக்கு ஒரு கணம் உள்ளம் குளிர்ந்துதான் போனது. அது திருட்டுத்தனத்துக்குப் போடுகிற மார்க்கு என்று அந்தப் பெண் விளக்கினாள். நாற்பது பேரைப் போலியாகச் சேர்த்த கும்பலுக்குத் தேவகுமாரிதான் தலைவியாம். பங்கு மகளிர் குழுவில் பொருளாளர் பதவிக்கே அவளை விடமாட்டோம் என்றவர்கள் உண்டு. கம்ப்யூட்டரோ கேட்காமலே தலைவி ஆக்கியிருந்தது.

ஊருக்கு வந்து சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ‘கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா’ என்று ஒரு பேச்சு கிளம்பியது. இரண்டு மாதம் பணம் வராமல் போனதும் பேச்சு தடித்தது. இருபது வருஷமாக அவளோடு ஒரே வரிசையில் காப்பி பறித்த வெள்ளையம்மாள், ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

“ஏனுங்கக்கா, எங்க நம்பரெல்லாம் உங்க காதுலதானுங்க மொதல்ல உழுந்துச்சு?”

பணம் நின்றதைத் தாங்கியவளுக்கு இது தாங்கவில்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகை ஊருக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கக்கூடாதென்று தலையணையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நாலாம் மாதம் விசாரணைக்கு சேலத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வெங்கடேஷ் என்று பெயர், நல்ல மனிதர், மலை வளைவில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார். நாற்பத்தோரு பேரும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். செல்லப்பன், தான் போலி இல்லை என்று காட்டப் பல்லையெல்லாம் எண்ணிக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் உண்மையான ஆட்கள் என்று அதிகாரிக்குக் கண்ணால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதை அவருடைய போனில் பதிய வேண்டும். பதிவதற்கு முன் அவர்தான் வெங்கடேஷ் என்று நிரூபிக்க ஓர் ஓ.டி.பி. வேண்டும்.

அவர் போனைத் தூக்கிப் பிடித்தார், பாறையில் ஏறினார், பலா மரத்தில் ஏறலாமா என்று யோசித்தார். அவருடைய சிம் வேறு கம்பெனி, அது துவைக்கிற கல்லுக்கும் மசியவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, கடைசி பஸ்ஸும் போய்விடும். தேவகுமாரிக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“நொம்ப சிரமப்படாதீங்க சார். என்ற போன்ல இருந்து உங்களுக்குக் கனெக்சன் குடுக்கலாம்ங்கறாங்க. நம்பரையும் வேணா போட்டுக்கங்க.”

அவர் ஆபீஸ் கணக்கில் தன் நம்பரை எடுத்துவிட்டு அவளுடைய நம்பரைப் போட்டார். ஓ.டி.பி. வந்தது. அவர் பக்கத்திலேயே நின்றும் அவள் அதைக் கூவித்தான் சொன்னாள். எல்லோரும் உண்மை என்று பதிந்துவிட்டு, சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு அவர் பஸ் ஏறினார். அவர் போன பிறகு வெள்ளையம்மாள் ஒரு படி அவரைக்கொட்டையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். தேவகுமாரி அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டாள்.

ஆனால் கம்ப்யூட்டர் விடுமா? கும்பலில் புதிதாக ஓர் அரசு ஊழியர் சேர்ந்திருக்கிறார், கும்பலுக்குச் சாட்சியும் அவரே சொல்கிறார் என்று கண்டுபிடித்தது. தேவகுமாரியின் மார்க்கு தொண்ணூற்று ஒன்பது ஆனது. வெங்கடேஷின் சம்பளம் நின்றது, அந்தச் செய்தியும் அவளுடைய போனுக்கே வந்தது. நாலே நாளில் அவருக்கு மட்டும் அது திரும்பி வந்ததும், ஊர்க்காரர்களுக்கு வராததும் தெரிந்தபோது தேவகுமாரி சேலத்துக்கே இறங்கிப் போனாள்.

வெங்கடேஷ் எழுந்து நாற்காலி போட்டார். மனுப் போடும் முறையை விளக்கினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவருடையது எப்படி வந்தது என்று மட்டும் விசாரித்தாள். அவர் கொஞ்சம் தயங்கினார். சென்னையில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், ஒரு போன் போட்டேன் என்றார்.

ஒரு போன். மலையில் நாற்பத்தோரு பேர் நாலு மாசம் பணமில்லாமல் இருந்து, வெயிலிலும் நின்றார்கள். தேவகுமாரிக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆபீஸின் கண்ணாடியெல்லாம் உடைந்திருக்க வேண்டும். ஆனால் அவள் தன் போனை மேசையில் வைத்து அவர் பக்கம் தள்ளி, மெல்லத்தான் பேசினாள்.

“நாமெல்லாம் ஒரே கும்பல்னு அது சொல்லுதுங்க சார். கும்பல்ல உங்களை மட்டும் விட்டா எப்படிங்க? எங்களுக்கும் அதே போனைப் போடுங்க.”

பக்கத்து மேசைகளில் தட்டச்சு நின்றது. எல்லோருக்கும் பணம் வர அடுத்த மாதக் கடைசி ஆனது என்பது வேறு விஷயம். அன்றைக்கு வெங்கடேஷ் அந்த போனை எடுத்தார், சென்னைக்கு அடித்தார், முதலில் தன் பேரைச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் எந்தக் கும்பலைச் சேர்ந்தவர் என்பதையும் சொன்னார்.