எல்ஸ் சரி

என் அக்கா வீட்டுக்காரர் வடிகட்டின முட்டாள். ஒரே ஆபீஸ் என்பதால் தினமும் அந்த முகத்தைப் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது. கட்டடங்களின் லிஃப்ட்டுகளைச் சோதிக்கும் ஆபீஸ் அது. மாத அறிக்கைக்குக் கம்ப்யூட்டரில் எஸ்க்யூஎல் நிரல் எழுதுவது அவர். நான் பக்கத்து மேஜை.

லிஃப்ட்டுகளைத் தரம் பிரிக்க அதில் அவர் எழுதிய ‘கேஸ்’ என்ற நிபந்தனை இரண்டே வரி. கடைசிச் சோதனை நடந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தால் ‘ஆபத்து’, சிவப்பு. எல்ஸ், அதாவது மற்றதெல்லாம், ‘சரி’, பச்சை. சோதனையே நடக்காத லிஃப்ட்டுக்குத் தேதி ஏது? காலி. காலியை எதோடு ஒப்பிட்டாலும் எஸ்க்யூஎல் ஆமாம் என்று சொல்லாது; நேரே எல்ஸில் தள்ளிவிடும். ஆக, யாரும் எட்டிக்கூடப் பார்க்காத லிஃப்ட்டுகள்தான் அறிக்கையில் பச்சைப் பசேலென்று நின்றன.

“மாமா, தேதி காலியா இருந்தா ‘பார்க்கலை’ன்னு முதல்ல ஒரு வரி சேருங்க.”

“சேர்த்தா பச்சை குறையும். டைரக்டர் ஏன்னு கேப்பார். இத்தனை நாள்ல யாராவது குறை சொன்னாங்களா? அப்ப சரிதான்.”

வாய் திறக்காதவர்கள் எல்லாம் சம்மதித்தவர்கள் என்பது அவர் கணக்கு. அக்கா வேலையை விடவேண்டும் என்று அவராக முடிவு செய்தபோது, அவள் பேசாமல் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அதையே முழுச் சம்மதம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெட்கங்கெட்ட மனுஷன்.

அவர்கள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் குலுங்குகிறது என்று அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். “ரிப்போர்ட்ல ‘சரி’ன்னு இருக்கே!” என்று அவள் வாயை அடைத்தார். அந்த ரிப்போர்ட்டை எழுதிய மேதாவி யார் என்பது மட்டும் மறந்துபோயிற்று.

ஒரு சாயங்காலம் அந்த லிஃப்ட் அக்காவோடு இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. நான் ஓடிப்போனபோது மெக்கானிக் கம்பியால் கதவை நெம்பிக்கொண்டிருந்தார். மாமா குனிந்து, “ஏய், ஒண்ணும் இல்லையே?” என்றார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. நானும் மெக்கானிக்கோடு சேர்ந்து கதவை இழுத்தேன். அவரோ நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

“நல்லாத்தான் இருக்கா. இல்லைன்னா கத்தியிருப்பாளே.”

கதவு திறந்தபோது அக்கா மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அறிக்கையின் ‘கேஸில்’ இன்றைக்கும் அதே இரண்டு வரிதான்.

நேற்று டீ குடிக்கும்போது டைரக்டர், “வீட்ல எப்படி இருக்காங்க?” என்று விசாரித்தார்.

“எல்லாம் சரியா இருக்கு சார்,” என்றார் மாமா, என்னை வைத்துக்கொண்டே. “அவகிட்ட இருந்து ஒரு புகாரும் வரலை.”