காய்ச்சல் கடிதம்

நான் படிப்பிக்கும் உளவியல் வகுப்பின் விதிகளில் நான்காவதை எழுதியதே நான்தான்: வராத நாளுக்கு உண்மையான காரணத்தோடு வீட்டாரின் கடிதம் வேண்டும். இன்று கடைசிப் பாடம் முடிய, ஒரு மாணவி மடித்த கொப்பித் தாளை நீட்டினாள். நாலு நாள் வராததற்கு, "மகளுக்குக் காய்ச்சல்." தாளில் அடுப்புப் புகை மணத்தது.

நான் படித்த காலத்தில் எங்கள் உடுவில் கிராமத்து வீட்டிலும் கடிதம் குசினியில்தான் எழுதுவது. அண்ணை சொல்லாமல் வீட்டைவிட்டுப் போன கிழமை, அம்மா படுக்கையால் எழும்பவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் நான்தான் சமைத்தேன். ஐயா அடுப்படியில் குந்தியிருந்து, முழங்காலில் தாளை வைத்து, "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று எழுதினார்.

"வேறை என்னத்தை எழுதுறது?" என்றார்.

வகுப்பு ரீச்சர் அதை வாசித்துவிட்டு என் நெற்றியில் கை வைத்தார். நெற்றி குளிர்ந்துபோய் இருந்தது. "சரி, போ பிள்ளை" என்றார். அதை இரக்கம் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இன்று ஐந்து பாடம் எடுத்த கால் உளைய நிற்கும்போதுதான் தெரிகிறது, அவரும் களைத்துப்போய் இருந்திருப்பார்.

எனக்கும் "சரி, போ பிள்ளை" என்றுதான் வாயில் வந்தது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. அவள் இருக்கக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"இரு பிள்ளை. வீட்டிலை ஆருக்குக் காய்ச்சல்?"