கோணலாகப் போட்ட கோலங்கள்

முதலில் விழுந்தது சாக்பீஸ்தான். சித்தூரில் நான் விலங்கியல் நடத்தும் ஜூனியர் கல்லூரியில், கரும்பலகையில் கரப்பான்பூச்சியின் குடலை வரைந்துகொண்டிருந்தேன். குனிந்து எடுத்தேன், மறுபடி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாகப் போனது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, உடம்பில் ஒரு பக்கம் செயலிழப்பது). திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலும் பேச்சும் சில வாரங்களில் தேறின. வலது கை மட்டும் சோறு பிசையக்கூட மறுத்தது.

அங்கே கைப்பயிற்சி தரும் டாக்டரம்மாவிடம், நான் நன்றாகப் படம் வரைவேன் என்று பெருமையடித்தேன்.

"தெரிஞ்ச படம் வேணாம் சார், கோலம் போடுங்க" என்றார். "பழகாத கலைன்னா மூளை புது வழி தேடும். கையோட கற்பனையும் தொறக்கும். தினம் போட்டோ அனுப்புங்க. இந்த முதல் மாசங்கள் போனா திரும்ப வராது."

கோலமா, நானா? என் மாணவர்கள் டியூஷனுக்குப் போவதே எங்கள் தெருவழியாகத்தான். மொட்டைமாடியில் ஒளிந்து இரண்டு நாள் முயன்றேன். மாவு கட்டி கட்டியாக விழுந்தது. மூன்றாம் நாள் என் மனைவி செல்வியிடம், "வாசல்ல நீ போடறதையே கொஞ்சம் கோணலா போடு, அதையே அனுப்பிடறேன்" என்றேன்.

"இன்னாங்க இது, டாக்டரையே ஏமாத்தறதா?"

"ஒரு வாரந்தான். கை தேறட்டும்."

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அடுத்தவர் வரைந்து கொடுத்த ரெக்கார்டு நோட்டுகளைப் பிள்ளைகள் கண்ணெதிரே கிழித்துப் போட்டவன் நான். கோட்டைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். ஊருக்குத்தான் உபதேசம்.

வாரம், மாதமானது. செல்வி இதிலும் கெட்டிக்காரி. நாளுக்கு நாள் கோணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். டாக்டரம்மா பாராட்டிப் பதில் அனுப்பினார். ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா கோலத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா செல்வி, உனுக்கும் கை இஸ்துக்கிச்சா?" என்று கேட்டது சன்னல் வழியே காதில் விழுந்தது. செல்வி மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். நான் வெளியே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இடது கையால் சட்டினியைத் தொட்டு இட்லி தின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த முறை செல்வியோடு திருப்பதி போனபோது, டாக்டரம்மா ஒரு தட்டில் கோலமாவைக் கொண்டுவந்து வைத்தார். "போடுங்க சார், நேர்ல பாக்கணும்."

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவேயில்லை. தட்டு கவிழ்ந்தது. அவர் செல்வியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தாம்மா போட்டுக்கினு இருந்தேன்" என்றாள் செல்வி. "கோணலாவே போட்டுப் போட்டு, எனுக்கே இப்போ நேரா வரமாட்டேங்குது."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிந்திய மாவைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு ஆரம்பிங்க" என்றார். பஸ்ஸில் சித்தூர் வந்து சேரும்வரை செல்வியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மறுநாள் காலை, பிள்ளைகள் போகும் நேரம் பார்த்தே கோலமாவோடு வாசலில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அக்கா வெளியே வந்தார். "அக்கா, அத்தினி நாளும் இவ கோணலா போட்டது எனக்காவ. இவ கைக்கு ஒண்ணுமில்ல" என்றேன். தெருவில் இரண்டு மாணவர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே முதல் புள்ளியை வைத்தேன்.

பல வாரங்கள் கழித்து, தவறி விழுந்த ஒரு புள்ளியை அழிக்காமல் கோட்டை அந்தப் பக்கமே இழுத்தேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத உருவம் ஒன்று வந்தது. இத்தனை வருடம் பாடப்புத்தகத்தை நகலெடுத்துவிட்டுத்தான் படம் வரைபவன் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

கை பாதிதான் தேறியிருக்கிறது. மீதி வராதது நோயாலா, நான் தொலைத்த நாட்களாலா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "தெரியாது சார்" என்றார். உங்களுக்கும் இப்படி ஒரு பயிற்சி சொன்னால், தயவுசெய்து உங்கள் கையாலேயே செய்யுங்கள்.

நாலு புள்ளியைச் சுற்றி வர இப்போது எனக்கு அரைமணி நேரம் ஆகிறது. அவசரப்பட்டால் கை நின்றுவிடும். அதன் போக்கில்தான் என் காலைப்பொழுது நகர்கிறது. இன்று முடித்து நிமிர்ந்தபோது பால்காரர் வந்தார். என் கிறுக்கலை மிதிக்காமல், ஓரமாகக் கால் வைத்துப் படியேறினார். அதைக் கோலம் என்றே நினைத்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.