பாடாமல் கடந்த படலை

போன கிழமை என் மகன் வகுப்பில் ஒரு பிள்ளையைச் சொல்லக்கூடாத சொல்லொன்றால் கூப்பிட்டிருக்கிறான். கேட்டதற்கு, விளையாட்டுக்குத்தானே அப்பா சொன்னேன் என்றான். எனக்குக் கை ஓங்க வரவில்லை. அவனுடைய வயதில் நானும் ஒரு சொல்லை விளையாட்டுக்குத்தான் சொன்னேன். சொன்ன கொஞ்ச நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் நின்ற முப்பது பேருக்கும் வாய் அடைத்துப்போனது. மகனும் மகளும் வாசிக்கட்டும் என்று அதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பாதிப்பேர் வடசேரி, பாதிப்பேர் தென்சேரி. கண்ணகை அம்மன் கோயிலில் கொம்பு விளையாட்டு நடக்கும் நாட்களில் மட்டும்தான் இந்தப் பிரிவு. கோவலனுடைய பக்கம் வடசேரி, அம்மனுடைய பக்கம் தென்சேரி. தகப்பன் எந்தப் பக்கமோ பிள்ளைகளும் அந்தப் பக்கம். ஆகவே அப்பாவும் அக்காவும் நானும் வடசேரி. அம்மாவும், வேலிக்கு அங்கால் இருந்த அம்மாவின் தங்கை சின்னம்மாவும், அவர்களுடைய தகப்பன் வழியில் தென்சேரி. காட்டில் வெட்டிக்கொண்டு வந்த வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொழுவி, இரண்டு பக்கத்து ஆண்களும் கயிறு பிடித்து இழுப்பார்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. புருஷனை இழந்த அம்மனின் கோபம் இதைப் பார்த்துத்தான் ஆறும், மழை வரும், அம்மை நோய் போகும் என்பார்கள்.

கொம்பு முறிந்த பிறகு வருவதுதான் எங்களுக்குப் பெரிய கொண்டாட்டம். வென்ற பக்கம் பறையோடு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், தோற்ற பக்கத்துப் பெண்களின் வீட்டு வாசல் படலையில் நின்று அவர்களை ஏசிப் பாடும். பெண்கள் மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை போட்டுக் குடத்தோடு காத்து நிற்பார்கள். பாட்டு முடிந்ததும் பாடியவர்களின் தலையில் ஊற்றிவிட்டு, அவர்களும் திருப்பி இரண்டு ஏச்சு ஏசுவார்கள். அதில் ஒருவருக்கும் கோபம் வரக்கூடாது. வந்தால் அது அம்மனுக்கு ஆகாது.

பெரியப்பாதான் வடசேரிக்குப் பாட்டுப் படிப்பவர். பின்னேரங்களில் எங்கள் முற்றத்து மாமரத்தின் கீழ் இருந்து பெடியன்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். எனக்குக் குரல் நன்றாக இருந்தது, மனப்பாடமும் சீக்கிரம் வரும். அதனால் என்னை முன்னால் இருத்துவார். ஒருநாள் அக்கா மா இடித்துக்கொண்டே இதைக் கேட்டிருந்துவிட்டு உலக்கையை நிறுத்தினாள்.

"இழுக்கிற ஆம்பிளையள். முறியுற மரம். ஏச்சு மட்டும் பொம்பிளையளுக்கா பெரியப்பா?"

பெரியப்பா சிரித்துவிட்டு, அது வழக்கம் மனே என்றார். அக்கா மறுபடி இடிக்கத் தொடங்கினாள். கொஞ்சம் பலமாகவே இடித்தாள் என்று ஞாபகம்.

நான் கற்றுக்கொண்ட பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்:

கொம்பு முறிஞ்சுது தென்சேரிப் பெண்ணே
கொண்டவன் எங்கடி அறுதலிப் பெண்ணே

அறுதலி என்றால் தாலி அறுத்தவள். அது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல் புழங்கிய விதம் வேறு. நெல்லைக் கொத்தும் கோழி அறுதலி. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் ஆடு அறுதலி. பாலைப் பொங்கவிட்டால் அக்காவும் அறுதலி. அம்மா ஒருநாளைக்குப் பத்துத் தரமாவது சொல்வார். ஆண்பிள்ளையான எனக்கு அப்படியொரு ஏச்சு இல்லையே என்று கூட யோசித்திருக்கிறேன். சித்தப்பா போன பிறகு அம்மா கோழியைக்கூட அப்படிக் கூப்பிடவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

சித்தப்பா சின்னம்மாவின் புருஷன். பனிச்சங்கேணியிலிருந்து கலியாணம் கட்டி எங்கள் ஊருக்கு வந்தவர். வாவியில் இறால் பிடிப்பார். ஒருநாள் காலையில் வலைநூல் வாங்கிவருகிறேன் என்று சைக்கிளில் செங்கலடிச் சந்தைக்குப் போனார். திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அந்தச் சண்டை வருடங்களில் அப்படிப் போன ஆட்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். சின்னம்மா அவருடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மட்டக்களப்பில் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. இரண்டு வருடம் ஆனது. சின்னம்மா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை விடவில்லை. கரையில் கவிழ்த்துக் கிடந்த தோணியை வாடகைக்குக் கேட்டவர்களுக்கும், அவர் வந்தால் தொழிலுக்கு வேணும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வருடம் மழை பொய்த்து வயல் வட்டையெல்லாம் வெடித்துக் கிடந்தது. வாவியும் வற்றியது. ஊரார் கூடிப் பல வருடங்களுக்குப் பிறகு கொம்பு விளையாட்டை நடத்தினார்கள். கடைசி நாள் மத்தியானம் தென்சேரிக் கொம்பு சடாரென்று முறிந்தது. நாங்கள் வென்றோம்.

ஊர்வலம் புறப்பட்டது. பெரியப்பா முன்னால், அவர் பக்கத்தில் நான், பின்னால் பறை, அதற்குப் பின்னால் ஆண்களும் பெடியன்களும். ஒவ்வொரு படலையிலும் பாட்டு, தண்ணீர், சிரிப்பு. இடையில் இரண்டு படலைகளை மட்டும் பறையை நிறுத்திவிட்டுக் கடந்தோம். அங்கே ஒருவரும் வெளியே நிற்கவில்லை. வீட்டில் ஆள் இல்லையாக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுப் படலைக்கு வந்தபோது அப்பாவே முன்னுக்கு வந்து அம்மாவைப் பார்த்து அந்தப் பாட்டைப் பாடினார். கொண்டவன் எங்கடி என்று கொண்டவனே கேட்டால் சிரிப்பு வராதா? அம்மா குடத்துத் தண்ணீர் முழுவதையும் அப்பாவின் தலையில் கவிழ்த்தார். "கண்ணும் தெரியல்லையா கிழட்டுக் குரங்குக்கு" என்று சொல்லி, வெறுங்குடத்தாலும் முதுகில் ஒன்று போட்டார்.

அடுத்த படலை சின்னம்மாவுடையது.

சின்னம்மா நின்றார். கலியாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு, இடுப்பில் குடம். குடத்தின் வாயில் வேப்பிலை தெரிந்தது. நான் பாட வாய் திறந்தேன். பெரியப்பா என் தோளை அழுத்தினார். மற்றக் கையைத் தூக்கினார். பறை நின்றது. ஆண்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, செருப்புச் சத்தம் மட்டும் கேட்க, அந்தப் படலையைக் கடந்து போனார்கள். அடுத்த வேலி வந்ததும் பறை மறுபடி தொடங்கியது.

நான் திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா அசையாமல் அப்படியே நின்றார். குடத்தை இறக்கவும் இல்லை.

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. விடியற்காலையில் மஞ்சள் அரைத்ததை நான் பார்த்தேன். வேப்பிலை பறித்துக் கொடுத்ததே நான்தான். எல்லோருக்கும் பாடிவிட்டு இவருக்கு மட்டும் பாடாமல் போனால் என்ன முறை? ஊர்வலத்திலிருந்து மெல்லக் கழன்று, பெரியப்பாவின் மகன் ஒருவனையும் இழுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். அவன் ஒரு பால்மா டின்னைத் தட்டினான். நான் படலைக்கு நேரே நின்று, என்னால் முடிந்த மட்டும் உரத்துப் பாடினேன்.

கொம்பு முறிஞ்சுது தென்சேரிப் பெண்ணே. கொண்டவன் எங்கடி அறுதலிப் பெண்ணே.

டின் சத்தம் நின்றது. அவன் ஏன் நிறுத்தினான் என்று பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, சின்னம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் ஓடியிருப்பேன். அதில் எதுவுமே இல்லை. குடத்தை மெதுவாக நிலத்தில் வைத்தார், உள்ளே போனார், கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது கேட்டது.

அம்மா நனைந்த சேலையோடு ஓடி வந்து என் கன்னத்தில் அறைந்தார். அதுவரை அம்மா என்னை முகத்தில் அடித்ததில்லை. பிறகு கதவைத் தட்டினார். தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட்டார். அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. அக்காவைப் பின்பக்கம் ஓடிக் கிணற்றடியைப் பார்க்கச் சொன்னார். ஏன் கிணற்றடி என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் அக்கா கேள்வி கேட்காமல் ஓடினாள். கிணற்றடியில் ஒருவரும் இல்லை என்று அக்கா வந்து சொன்னாள். பின்கதவும் பூட்டித்தான் இருந்தது.

அதற்குள் ஊர்வலமும் திரும்பிவிட்டது. அப்பா வேலியில் ஒரு கம்பை முறித்துக்கொண்டு வந்தார். அம்மா பெரியப்பாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே அத்தான் இவனுக்குப் படிச்சுக் குடுத்த?"

அது அம்மாளுக்குப் பாடுற பாட்டு, வீட்டுப் பேச்சா என்று பெரியப்பா தடுமாறினார். எல்லோரும் தன்னைப் பார்ப்பது அவருக்குத் தாங்கவில்லை. என் காதைப் பிடித்துத் திருகி, அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"தாலியறுத்தவங்கட படலையில பாடப்படாதெண்டு உனக்குத் தெரியாதாடா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். காதைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. அப்பா கம்பைக் கீழே விட்டார். அம்மா கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. வேலியோரம் நின்ற பெண்கள்கூட ஒரு சொல் பேசவில்லை.

கதவு திறந்தது.

சின்னம்மா வாசலில் நின்றார். தாலிக்கொடியை வெளியே எடுத்துச் சேலைக்கு மேலே விட்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். சத்தம் போடவும் இல்லை.

"ஆருக்கு அத்தான் தாலியறுந்த?"

பெரியப்பா தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருசமா ஒவ்வொரு கந்தோரிலயும் அவர் எங்க எண்டு ஒருத்தரும் என்னக் கேட்கல்ல. இண்டைக்கு என்ட சனமும் கேட்காமப் போகுது. எங்கடி உன்ட மனிசன் எண்டு கேட்ட இந்தப் புள்ள ஒருத்தன்தான்."

பிறகு நடந்து வந்து படலையடியில் இருந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பழைய இடத்திலேயே நின்றார்.

"பாடுங்க," என்றார்.

சூரியன் சரியத் தொடங்கியிருந்தது. கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் குளிர்த்திச் சடங்குக்குக் காத்திருப்பதாகச் சொல்ல வந்த ஆள், விஷயம் தெரியாமல் வந்து, விஷயம் கேட்காமலே ஓரமாக நின்றுகொண்டார். பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். முதல் வரியைப் பாடினார். ஊருக்கே கேட்கும் அந்தக் குரல் அன்று படலையைத் தாண்டவில்லை. இரண்டாவது வரியில் கொண்டவன் எங்கடி என்று வந்து நின்றுவிட்டது. மிச்சத்தை எடுக்க ஒருவரும் இல்லை. நானும் எடுக்கவில்லை.

"வருவார்," என்றார் சின்னம்மா. சொல்லிவிட்டுக் குடத்தைப் பெரியப்பாவின் தலையில் கவிழ்த்தார். கொஞ்சம் மிச்சம் வைத்து என் தலையிலும் ஊற்றினார். பாதித் தண்ணீர் வெளியே போனது.

அன்றைக்கு இரவு அப்பா எனக்கு அடித்தார். ஒரே பாட்டைப் பாடிய பெரியப்பாவுக்கு அடியில்லை, எனக்கு மட்டும் ஏன் என்று அழுதேன். அம்மா சோறு பிசைந்து தந்தார். மறுநாள் நானாகவே போய்ச் சின்னம்மாவின் முன்னால் நின்றேன். அந்தச் சொல்லை இனி ஆட்டுக்கும் சொல்லாதே என்று மட்டும் சொன்னார். இன்றுவரை சொல்லவில்லை. இதை எழுதும்போதுதான் எழுதினேன், அதுவும் என் பிள்ளைகளுக்காக.

அதற்குப் பிறகும் எங்கள் ஊரில் இரண்டு தரம் கொம்பு முறித்தார்கள். இரண்டு தரமும் சின்னம்மாவின் படலையில் நின்று பாடினார்கள். அந்தக் கடைசிச் சொற்களை மட்டும் இப்போது எந்தப் படலையிலும் பாடுவதில்லை. அப்படி நிறுத்தச் சொல்லி ஒருவரும் கூட்டம் போடவில்லை. சின்னம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. பொட்டு இருக்கிறது.

அன்று நடந்ததில் எனக்கு அப்போது விளங்கியது ஒன்றே ஒன்றுதான். இத்தனை பெரியவர்களுக்கு முன்னால் சின்னம்மா, சித்தப்பா வருவார் என்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் கோயில் நாளில் பொய் சொல்ல மாட்டார்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையோடு சந்திக்குப் போய் நின்றேன். செங்கலடியிலிருந்து மூன்று பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அக்கா தேடி வந்து, வா மனே, பஸ் இனி இல்லை என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் வர மறுத்தேன். நான் பஸ்ஸுக்குக் காத்து நிற்கவே இல்லை. சித்தப்பா போனது சைக்கிளில்.