ஃபாக்லண்ட் சண்டையும் நான் பெண் பார்க்கப் போனதும்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எண்பத்திரண்டாம் ஆண்டில் இரண்டு நாடுகள் ஒரு தீவுக்காக அடிபட்டபோது, இந்தக் கூத்தாடிக்கு வேலையும் ஆட்டம் கண்டது, கல்யாணப் பேச்சும் ஆட்டம் கண்டது. பழமொழி சொன்னவன் என்னைப் போல ஒரு கூத்தாடியைப் பார்த்ததில்லை போலும்.

அப்போது நான் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பென்ரோஸ் பக்கம் ஒரு சின்னக் கம்பனியில் வேலை செய்தேன். மாட்டுப் பண்ணைகளுக்கு மின்சார வேலி போடுகிற பெட்டிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவது எங்கள் தொழில். யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்கு 'ஏற்றுமதி அதிகாரி' என்று எழுதியிருந்தேன். உண்மையில் நான் பெட்டிக்கு டேப் ஒட்டி, அதன்மேல் விலாசம் எழுதுகிற அதிகாரி. எழுதிய விலாசங்களில் முக்கால்வாசி ஆர்ஜென்டினா. ஒரு ஆர்ஜென்டினாக்காரனைக்கூட நான் நேரில் கண்டதில்லை. ஆனால் அவர்களுடைய மாடுகளுக்கு இந்த நாட்டில் என்னைவிட உழைத்தவன் கிடையாது.

அந்த ஆர்ஜென்டினா போய் ஃபாக்லண்ட் தீவில் இறங்கியது. தீவு தன்னுடையது என்று இங்கிலாந்து கப்பல்களை அனுப்பியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மகாராணியார் வீட்டுச் சண்டை என்றால் நியூசிலாந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நிற்கிற காலம் அது. உடனே ஆர்ஜென்டினாவோடு உறவை முறித்தார்கள், தூதரை ஊருக்குப் போகச் சொன்னார்கள், வியாபாரத்தையும் நிறுத்தினார்கள். எங்கள் பெட்டிகள் கூரை தொடுமட்டும் குவிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு, நிலைமை மாறாவிட்டால் உன்னை வைத்திருக்க முடியாது என்று சொன்னார். நல்ல மனுசன், சொல்லும்போது பிஸ்கட்டும் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும்.

பெண்ணை நான் முன்பே ஒருமுறை கண்டிருந்தேன். தீபாவளிக்கு ஒரு வாடகை மண்டபத்தில் கூடியிருந்தோம். ஒரு பெரியவர் தமிழின் தொன்மை பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் பசியோடு தலையாட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் எழும்பி, "ஐயா, பிள்ளையளுக்குப் பசிக்குது, மிச்சத்தைச் சாப்பிட்டுப்போட்டுக் கேக்கிறம்" என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் நானும் ஒருநாள் வாய் திறப்பேன் என்று நினைத்தேன். முப்பத்திரண்டு வயது வரைக்கும் எனக்கு இவ்வளவு தீவிரமாக ஒன்றும் வேண்டியிருந்ததில்லை.

என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த மலேசிய நண்பன்தான் தரகர், சாரதி, அரசியல் ஆலோசகர் எல்லாம். காரில் ஏறினதும், வசனத்தின் வாலில் மலேசியக்காரருக்கே உரிய 'லா'வைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினான்.

"மச்சான், பொண்ணோட அப்பா பக்கா பிரிட்டிஷ் லா. மலாயா ரயில்வேயில வெள்ளைக்காரன்கிட்ட வேலை பாத்தவரு. வீட்ல ராணி படம் மாட்டிருக்காரு, தங்க ஃபிரேம் போட்டு. நீ வெள்ளைக்காரன் பக்கம் பேசு, காரியம் முடிஞ்சிரும். வேலை போற கதைய மட்டும் எடுக்காத."

துறைமுகப் பாலத்தில் ஏறும்போது எனக்கு அந்தத் தீவைப் பற்றி ஒரு கருத்தும் இருக்கவில்லை. இறங்கும்போது நான் இங்கிலாந்தின் விசுவாசி.

கிளென்ஃபீல்டில் வீடு. ஹீட்டருக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார்கள். தாயார் வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தார். சுவரில் மகாராணியார், தங்க ஃபிரேமுக்குள். தகப்பனார் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். இங்கிலாந்துக்கு உதவியாக எங்கள் போர்க்கப்பல் ஒன்றைக் கொடுப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். அவள் தேநீரோடு வந்து, போகாமல், தகப்பனுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். இதுதான் தருணம் என்று நினைத்தேன்.

"நல்ல காரியம் அங்கிள்!" என்றேன். "இங்கிலீஷ்காரன் தன்ரை சனத்தை ஒருநாளும் கைவிடமாட்டான். அதுதான் அவன்ரை குணம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கைவிடமாட்டானோ? தம்பி, ஜப்பான்காரன் மலாயாவுக்கு வரேக்கை உம்மடை ஆக்கள் என்ன செய்தவை தெரியுமோ? வெள்ளைக்காரக் குடும்பங்களை மட்டும் ஏத்தி அனுப்பிப்போட்டு, எங்களை விட்டிட்டு ஓடினவை. பிறகு ஜப்பான்காரன் வந்து என்ரை அண்ணையைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனவன். மனுசன் திரும்பி வரேல்லை. கைவிடமாட்டானாம்!"

நான் என்னையறியாமல் மகாராணியாரைப் பார்த்தேன்.

"அதோ? முந்தி இருந்த ஆக்கள் விட்டிட்டுப் போனது. கழட்டினால் பின்னாலை சுவரிலை பெரிய ஓட்டை" என்றார்.

அரசியல் ஆலோசகருக்கு வடை புரைக்கேறியது. தலையைத் திருப்பி யன்னலைப் பார்த்துக்கொண்டு இருமினான்.

புத்தியுள்ளவன் என்றால் உங்கள் அண்ணருக்கு நடந்தது பெரிய கொடுமை என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருப்பான். நுணலும் தன் வாயால் கெடும். நான் நுணலுக்கும் ஒரு படி மேல்.

"அதுதான் அங்கிள், நானும் அதைத்தான் சொல்ல வந்தனான். ஆக்கிரமிப்புக்காரர்! அந்தத் தீவு ஆர்ஜென்டினாவுக்குப் பக்கத்திலை தானே இருக்கு? அவன் தன்ரை தீவை எடுத்ததிலை என்ன பிழை?"

"அப்ப பக்கத்திலை இருந்தால் ஆரும் ஆமியோடை வந்து இறங்கலாமோ? ஜப்பான்காரனும் அப்பிடித்தானே சொல்லிக்கொண்டு வந்தவன்?"

அடக் கடவுளே! இந்தப் பக்கம் போனால் இங்கிலாந்து, அந்தப் பக்கம் போனால் ஜப்பான். இருதலைக்கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் எறும்பின் நிலைமை விளங்கியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஓரத்தில் சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"நீங்கள் என்ன வேலை?" என்று கேட்டாள்.

"ஏற்றுமதி."

"எங்கை ஏற்றுமதி?"

"தென் அமெரிக்காப் பக்கம்."

"தென் அமெரிக்காவிலை எங்கை?"

டிவியில் அந்த நேரம் பார்த்து வரைபடத்தைப் போட்டார்கள். பொய் சொல்ல வழியில்லை. "ஆர்ஜென்டினா" என்றேன்.

"அப்ப யாவாரம்?" என்று தகப்பனார் கேட்டார்.

"நிண்டுபோச்சு."

"வேலை?"

"அதுவும் போகப்போகுது அங்கிள். இந்தச் சண்டை நாளைக்கே முடியவேணும். ஆர் வெண்டாலும் எனக்கு ஒண்டுதான்."

அன்று மாலை நான் மனதாரச் சொன்ன முதல் உண்மை அது. தகப்பனார் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

"வேலை போனால் இன்னொண்டு வரும். ஜப்பான் காலத்திலை மரவள்ளிக்கிழங்கிலை உயிர் தப்பின ஆக்கள் நாங்கள். ரெண்டு பேரும் போய்க் கதையுங்கோ" என்றார்.

(வேலை போகவில்லை என்பது வேறு விஷயம். ஆஸ்திரேலிய மாடுகள் என்னைக் காப்பாற்றின.)

வீட்டுக்குப் பின்னால் உடுப்புக் காயப்போடுகிற இடத்தில் நின்றோம். குளிர் எலும்பைப் பிடித்தது. அவள் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"வேலை போறது எனக்குப் பெரிசில்லை. எனக்குச் சம்பளம் வருது. ஆனால் ஒரு தேத்தண்ணி ஆறுறதுக்குள்ளை நீங்கள் மூண்டு பக்கம் நிண்டிட்டியள். அப்பா கேட்ட உடனை மாறினியள். நாளைக்கு எனக்கும் உங்கட அம்மாவுக்கும் ஒரு பிரச்சினை வந்தால் எந்தப் பக்கம் நிப்பியள்?"

நான் யோசிக்கவே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என் ஆயுளில் சொன்ன மிக அழகான வசனம் என்று நம்பி, "நீங்கள் எந்தப் பக்கம் நிக்கச் சொல்லுறியளோ, அந்தப் பக்கம்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். என்னைப் பார்த்து, "பாவம் நீங்கள்" என்றாள், மிகவும் மென்மையாக. "உள்ளுக்கு வாங்கோ, குளிருது."

அந்த மென்மையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வழி முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். நண்பன், "நான் சொன்னேன்ல லா" என்று ஸ்டீயரிங்கில் தாளம் போட்டான்.

அடுத்த நாள் பின்னேரம் தகப்பனாரே ஃபோன் எடுத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, எனக்கு உம்மிலை நல்ல விருப்பம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன். பிள்ளை ஓம் எண்டுறாள் இல்லை. இவர் எனக்காக ஒருக்காலும் ஒருத்தரோடையும் சண்டை பிடிக்கமாட்டார் எண்டு சொல்லுறாள்."

இல்லை அங்கிள், பிடிப்பேன், இப்பவே உங்களோடு பிடிக்கிறேன், அவளிடம் ஃபோனைக் கொடுங்கள் என்று கத்தவேண்டும் போல் இருந்தது. நெஞ்சுக்குள் கத்தினேன்தான்.

"அவ சொல்லுறதும் சரிதான் அங்கிள்" என்று மரியாதையாகச் சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டு, நண்பன் பார்க்காதபடி குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.