பனி வீட்டுக்காரிக்காக அழுதவர்

என் கணவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து தென்காசி வீட்டுக்கு வந்த வாரம், கோயம்புத்தூரிலிருந்து மகன் ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டுப் போனான். சுடுகிற விளையாட்டு இல்லை, மெதுவாக நடந்துபோய்க் கதை கேட்கிற விளையாட்டு, பட்டாளத்திலிருந்து வந்தவருக்கு மறுபடியும் துப்பாக்கி எதற்கு என்றான். படுத்தே கிடக்கிற மனுஷனுக்குப் பொழுது போனால் சரி என்று நானும் இருந்துவிட்டேன்.

விளையாட்டு இவ்வளவுதான். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாடு. குன்றின் மேல் தனியாக ஒரு மரவீடு. அதில் குடியிருந்த பெண் இப்போது இல்லை. புருஷன் கப்பலுக்குப் போனவன். அவள் ஒற்றை ஆளாக அங்கே காலம் தள்ளியிருக்கிறாள். ஆடுகிறவர் அந்த வீட்டுக்குள் நடக்க வேண்டும். ஒரு கோப்பையைத் தொட்டால் அவள் குரல் வந்து கோப்பையின் கதையைச் சொல்லும். செருப்பைத் தொட்டால் செருப்பின் கதை. ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. கீழே ஓடுகிற இங்கிலீஷை இவர் உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பார்.

காலையும் மாலையும் வாசல் கேட் வரைக்கும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நடக்கச் சொன்னால் வலிக்கிறது என்பார், நாளைக்குப் பார்ப்போம் என்பார். அந்தப் பனியில் மட்டும் சலிக்காமல் நடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் என் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டுவார்.

“இரு, அவ என்னமோ சொல்லுதா.”

முதல் தடவை சிரித்தேன். பிறகு அந்தக் கையைப் பார்த்தாலே எனக்கு எரிந்தது.

ஏனென்றால் நான் சொல்லி இவர் கேட்டதே கிடையாது. கல்யாணம் ஆன பிறகு வருஷக்கணக்காக இவர் எங்கோ எல்லையில் இருந்தார், நான் கீழப்பாவூரில் இவருடைய அண்ணன் குடும்பத்தோடு வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். லீவில் வருவார். நான் சேர்த்து வைத்ததையெல்லாம் சொல்லத் தொடங்குவேன். அப்போது இவர் சொல்லுகிற ஒரே வார்த்தை, “சுருக்கமாச் சொல்லு.” சொல்ல வந்ததைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் சொல்லாமலே இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் ரசஞ்சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு போனால், இவர் அழுதுகொண்டிருக்கிறார். கண்ணில் தூசி விழுந்த அழுகை இல்லை. தோள் குலுங்க அழுகிறார். டிவியில் அந்த வீட்டு மாடி அறை. மூலையில் ஒரு தொட்டில். தொட்டிலில் ஒன்றுமில்லை. அந்தப் பெண் பேசிக்கொண்டிருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பாவம்ட்டி, இவளுக்குப் பிள்ள தங்கல,” என்றார்.

 தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு வாஷ்பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அவர் தூங்கிய பிறகு நானே அந்த விளையாட்டு ரிமோட்டைக் கையில் எடுத்தேன். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. முதலில் சுவரில் போய் முட்டிக்கொண்டேன், பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மெல்லப் பிடிபட்டது, கீழே ஓடிய இங்கிலீஷையும் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் குரல் பொய்யாக இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் ராத்திரி கதவைத் தாழ் போட்டுவிட்டு மறுபடி போய்த் தொட்டுப் பார்ப்பதைப் பற்றி அவள் சொன்னது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அதனாலேயே அருவருப்பு வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியின் பெட்டி, படுக்கை, துணி எல்லாவற்றையும் கிளறுகிறோம். எங்கள் தெருவில் இதைச் செய்தால் செருப்படி விழும். அவளோ கோபப்படுவதில்லை, திருப்பி ஒன்றும் கேட்பதில்லை. சோறு வை என்று சொல்லமாட்டாள், நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்கமாட்டாள். பொத்தானை அமுக்கினால் துக்கத்தைச் சொல்லுவாள், விட்டால் நிறுத்திக்கொள்வாள். இப்படி ஒருத்தி கிடைத்தால் யார்தான் பொறுமையாகக் கேட்கமாட்டார்கள்?

சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது கேட்டேவிட்டேன்.

“அந்தத் தொட்டிலப் பாத்து அழுதியளே. நமக்கும் ஒண்ணு போச்சே, என்னைக்காவது ஒரு வார்த்த கேட்டியளா?”

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “கேட்டா நீ அழுவேன்னுதான் கேக்கல,” என்றார்.

“நான் அழுதா என்ன? நான் அழுறத நீங்க பாக்கக் கூடாதா?”

அவர் காப்பியைக் குடித்து முடித்தார்.

அதன் பிறகு சில நாள் அவர் செய்தது இன்னும் மோசம். கம்பை ஊன்றிக்கொண்டு அடுக்களைக்கு வருவார். இட்லிக் கொப்பரையைத் தொட்டு, இது எப்போது வாங்கியது என்பார். அலமாரியில் இருந்த பழைய டார்ச்சை எடுத்து, இது யார் தந்தது என்பார். தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அந்தப் பெண்ணைப் போலக் கதை சொல்ல வேண்டுமாம். அவர் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார், எனக்குத் தெரியும். ஆனாலும் கையைத் தட்டிவிட்டேன். நான் உங்கள் டிவியில் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. சாரல் தென்காசி வரைக்கும் அடித்தது. ஒருநாள் விடிந்ததும் அவரே சட்டையைப் போட்டுக்கொண்டு, குற்றாலம் வரை போய்வருவோம், அங்கே கொஞ்சம் நடக்கிறேன் என்றார். ஆட்டோவில் போனோம். அந்நேரத்துக்கே வேன்கள் வந்து நின்றன. எண்ணெயும் ஷாம்பும் ஈரத்துணியுமாக அந்த வாடை. மிதித்து மிதித்துச் சேறான பாதையில் சோப்புக் காகிதங்கள். கம்பை ஊன்றி மெதுவாக வந்தவர், பேரருவிச் சத்தம் கேட்கத் தொடங்கிய இடத்தில் நின்றார்.

“அன்னைக்கு நீ எங்கன உக்காந்திருந்த?”

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. குற்றாலத்தில் துணிக்குக் காவல் இருந்த இடத்தில் பிள்ளை போச்சு என்று மட்டும் அண்ணன் அப்போது இவருக்குக் கடிதம் போட்டிருந்தார். கடைகளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடிச் சுவரைக் காட்டினேன். அன்றைக்கு அங்கே கடை கிடையாது. பிறகு சொன்னேன். மகன் பிறப்பதற்கு முந்தின கதை. அண்ணன் மனைவியின் சொந்தக்காரர்கள் குளிக்க வந்திருந்தார்கள். எனக்கு ஆறு மாதம். சோறு கட்டிக்கொண்டு கூடப் போனேன், துணிக்குக் காவலாக என்னை உட்கார வைத்தார்கள். வலி தொடங்கியதும் சொன்னேன். சூட்டு வலி என்றார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஐந்தருவியையும் பார்க்காமல் போவதா என்று அங்கேயும் கூட்டிப்போனார்கள். அங்கேயும் துணிக்குக் காவல் இருந்தேன். பிழிந்த சேலைகளை என் மடியில்தான் போட்டார்கள். ஈரம் அதனால்தான் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எழுந்திருக்கும்போதுதான் ரத்தம் என்று தெரிந்தது. பழம் விற்ற ஒரு அம்மாள்தான் சத்தம் போட்டு வண்டி பிடித்துக்கொடுத்தாள்.

இவர் உட்காரவில்லை. நான் சொல்லி முடிக்கிற வரை அந்தக் காலோடு நின்றார். சுருக்கமாகச் சொல் என்று சொல்லவில்லை. “ஆணா, பொண்ணா?” என்றார்.

“பொண்ணு.”

அவர் அழவில்லை. என் கையைப் பிடிக்கவும் இல்லை. இரண்டு கையாலும் கம்பை இறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு, டீ குடிக்கிறாயா என்றார். குடித்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, கசப்புதான். இந்தக் கேள்வியைக் கேட்க இத்தனை காலம் ஆனதே என்று ஒரு கசப்பு; கேட்கச் சொல்லிக்கொடுத்தது உயிரில்லாத ஒரு பொம்மை என்று ஒரு கசப்பு.

மகன் போனில் கேட்டான், அப்பாவுக்கு அது பிடித்திருக்கிறதா, அதே மாதிரி இன்னொன்று வாங்கி அனுப்பட்டுமா என்று. அதை விளையாடி அழாத ஆளே இல்லையாம்.

“அழத்தான் செய்வாங்க. அழுது முடிச்சதும் டிவிய அமத்திரலாம்லா,” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. விளையாடத் தகுந்ததா இல்லையா, அதை மட்டும் சொல்லம்மா என்றான். உன் அப்பா போல வீட்டில் ஆள் இருந்தும் கேட்காதவர்களுக்கு அது தகாது என்றேன். ஆளே இல்லாதவர்கள் விளையாடிவிட்டுப் போகட்டும்.

பெட்டியை எடுத்துப் போகச் சொன்னேன். அவன் இன்னும் வரவில்லை. இவர் இப்போது கேட் வரைக்கும் நடக்கிறார், சில நாள் தெருமுனை வரைக்கும். மத்தியானம் அதையும் ஆடத்தான் செய்கிறார். நான் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.