காரைக்கால் சக்களத்தி

பஞ்சநதத்தின் காபிப் பானை கொதிக்கத் தொடங்கினால், ஓடம்போக்கி ஆற்றில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள் பயந்துபோய் இன்னொரு காலையும் ஊன்றிக்கொள்ளும் என்று அந்த ஊரில் சொல்வார்கள். பானை போடும் ஊளையை ரயில் என்று நினைத்து ஓடிப்போய், ரயிலே இல்லாத தண்டவாளத்தைப் பார்த்துத் திரும்பியவர்களும் உண்டாம். இதில் பாதி பொய். எந்தப் பாதி என்பது ஊருக்கே மறந்துவிட்டது. ஆனால் அந்தப் பானை ஒரு பெண்ணைக் கொன்றது என்பது மட்டும் பொய்யில்லை. அதை ஊர் கட்டிவிடவில்லை. பஞ்சநதமே தம் வாயால் சொன்னார்.

திருவாரூருக்குக் கிழக்கே நெல் அவிக்கும் ஆலை வைத்திருந்தவர் அவர். ஆலையை விற்ற பிறகும் கொதிகலன் மேலிருந்த ஆசை அவரை விடவில்லை. ஆவி அடைபட்டு, முட்டி, மேலே ஏறி, வழி கிடைத்ததும் சீறுகிறதே, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் அவருக்கு. பெரிய கொதிகலன் போனதும் சின்னச் சின்னதாய்ச் சேர்க்க ஆரம்பித்தார். கும்பகோணத்துப் பித்தளை ஃபில்டர்கள், இடுப்பு சிறுத்த இத்தாலிக் கெட்டில், கண்ணாடிக் குடுவை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்த ஒரு விநோதம். அடுக்களையில் அரிசி டின் வைக்கிற பலகையை அவை முதலில் பிடித்தன. பிறகு ஊறுகாய் ஜாடிகள் கட்டிலுக்கடியில் குடிபோயின.

வேடிக்கை என்னவென்றால், அவர் காபி குடிக்கக் கூடாது. வயிற்றில் புண். மோர் மட்டும்தான் என்று வைத்தியம். ஆகவே ஊரிலேயே உசத்தியான காபியைப் போடுகிறவர், அதை நாக்கில் வைத்தறியாமல், மூக்கால் மட்டும் குடித்துவந்தார். வாயால் குடித்தவள் அவர் மனைவி ஆனந்தவல்லி.

"எப்படி இருக்கு?" என்று தம்ளரையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"குடிக்க விடுங்க முதல்ல. மாப்பிள்ளை பார்க்க வந்தவன் மாதிரி எதிர்ல நின்னா தொண்டையில எறங்குமா?"

"சொல்லேன்."

"நல்லாத்தான் இருக்கு. போங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை சாமானும்.

காரைக்காலில் ஒரு பழைய வெள்ளைக்காரர் காலத்து வீட்டை இடித்தபோது அவர் கொண்டுவந்தது அந்தப் பானை. முழுச் செம்பு. மூடியின் உச்சியில் கண்ணாடிக் குமிழ். உள்ளே காபி துள்ளித் துள்ளி மேலே ஏறி விழுவது குமிழ் வழியாகத் தெரியும். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியவரை ஆனந்தவல்லி வாசலிலேயே நிறுத்தினாள்.

"இவ யாரு?"

"காரைக்கால்லேர்ந்து வர்றா."

"கட்டிக்கிட்டே வந்துட்டீங்களா? இருங்க, ஆரத்தி கரைச்சுக்கிட்டு வரேன் சக்களத்திக்கு."

அன்றிலிருந்து பானைக்குச் சக்களத்தி என்றே பெயர்.

சக்களத்தியிடம் ஒரு குறை இருந்தது. உள்ளே பூசியிருந்த ஈயம் உரிந்து செம்பு பல்லிளித்தது. பூசாத செம்பில் காபி போட்டால் களிம்பேறிக் குமட்டும். கும்பகோணத்துப் பாத்திரக்காரர், சரக்கு இல்லை, பொங்கல் கழித்து வாருங்கள் என்றார். பொங்கல் வரை பொறுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கொதிகலனையே பிரித்துக் கோத்தவருக்கு ஒரு பானைக்கு ஈயம் பூசுவதா பெரிய வித்தை?

வாரம் தவறாமல் நாகப்பட்டினத்திலிருந்து வண்டியில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருவார் காயாரோகணம். ஆலைக் காலத்திலிருந்தே பழக்கம். கொடுவா மீனை நிறுத்துக்கொண்டிருந்தவரிடம் பஞ்சநதம் கேட்டார்.

"ஏம்பா, உங்க பக்கம் ஈயம் கிடைக்குமா?"

"நல்லா கேட்டீங்க போங்க. எங்க வலை பூரா ஈயந்தானே? குண்டு கட்டாம வலை எப்படி மொதலாளி முங்கும்? பழைய குண்டு வீட்டுல கெடக்கு, அள்ளிக்கிட்டு வரேன்." பிறகு சந்தேகம் வந்து, "ஆமா, உங்களுக்கு எதுக்கு? ஓடம்போக்கியில வலை வீசி எம் பொழப்புல மண்ணப் போடப் போறீங்களா?" என்றார்.

"காபிப் பானைக்குப்பா."

"பானைக்கா? அப்ப நல்லா கழுவிட்டு உருக்குங்க. இல்லாட்டி காபியில சுறா நீந்தும்."

அடுத்த நடையில் ஒரு பை நிறைய வலைக்குண்டு வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பஞ்சநதம் கொல்லையில் கரியடுப்பு மூட்டிக் குண்டுகளை உருக்கினார். முதலில் அது செம்பில் ஒட்ட மறுத்து முத்து முத்தாய் உருண்டோடியது. நவச்சாரத்தைத் தூவி, ஓட்டை விழுந்து பரணில் கிடந்த பழைய ஈயச்சொம்பின் அடியையும் நறுக்கிப் போட்டார். அப்புறம் ஒட்டிக்கொண்டது. பஞ்சால் துடைக்கத் துடைக்கப் பானையின் உட்புறம் நிலாப்போல வெளுத்தது.

மறுநாள் காலை முதல் தம்ளரை வாயில் வைத்த ஆனந்தவல்லி புருவத்தைத் தூக்கினாள். "சர்க்கரை கூடவா போட்டீங்க? லேசா ஒரு தித்திப்பு நிக்குதே."

"வழக்கம்போலத்தான்."

"அப்ப சக்களத்தி கைப்பக்குவந்தான். நல்லாயிருக்கு."

கேட்காமலே வந்த 'நல்லாயிருக்கு' அது. அதற்குப் பிறகு மற்ற ஃபில்டர்கள் எல்லாம் பலகையில் வெறுமனே உட்கார்ந்திருக்க, காலையும் மாலையும் சக்களத்திதான் அடுப்பேறினாள்.

கோடை அறுவடை முடிவதற்குள் ஆனந்தவல்லிக்கு வயிற்றுவலி வந்தது. வாயு என்றார்கள். முகம் வெளிறிப்போனது. ரத்தமில்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். திருவாரூரில் ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். ரசத்தில் இருமுறை உப்புப் போட்டாள். பேத்தி அபிநயாவின் பெயரைத் தேடி, கிடைக்காமல், "அதான், அந்தப் பொண்ணு" என்றாள். சோறு பிடிக்கவில்லை. காபி ஒன்றுதான் உள்ளே போயிற்று. அதுவாவது போகிறதே என்று பஞ்சநதம் வேளைக்கு ஒன்றாக இருந்ததைக் கேட்கும்போதெல்லாம் என்று ஆக்கினார். பாலைச் சுண்டக் காய்ச்சி, டிகாஷனைத் திக்காக இறக்கி, அவரே தலையைத் தாங்கிப் பிடித்துப் புகட்டினார்.

ஆடி மாதம் பட்டுக்கோட்டையிலிருந்து தங்கை அம்சம் வந்து அக்காவை அழைத்துப்போனாள். தென்னந்தோப்பு வீடு. இளநீரும் கஞ்சியுமாகக் கிடந்தவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். வலி விட்டது. போனில் பழைய வாய் திரும்பிவிட்டது. "உங்க சக்களத்தியோட நிம்மதியா இருங்க. நான் வர இன்னும் நாளாகும்."

"இந்த ஊரு தண்ணி அக்காவுக்கு ஒத்துக்கிச்சு மாமா," என்றாள் அம்சம்.

பஞ்சநதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் காபி போட்டு நீட்ட ஆளில்லாத வீடு அவரைக் கடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை சக்களத்தியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பட்டுக்கோட்டை பஸ் ஏறினார். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான். அவளும் சந்தோஷப்பட்டாள். அவர் ஆடி முடிய அங்கேயே தங்கி இரண்டு வேளையும் காபி போட்டார்.

ஆவணியில் அவள் வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. தம்ளர் நழுவி விழுந்தது. தஞ்சாவூரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அங்கே ஆயிஷா என்று ஒரு டாக்டர். சின்ன வயது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து, பல் ஈறு ஓரமாக ஓடிய நீலக்கோட்டை நெடுநேரம் பார்த்தாள். ரத்தத்தை எதற்கோ அனுப்பினாள். முடிவு வந்ததும் பஞ்சநதத்தைத் தனியே கூப்பிட்டாள்.

"வீட்ல பெயின்ட், பேட்டரி மாதிரி வேலை ஏதாவது உண்டாங்க ஐயா?"

"கிடையாதும்மா."

"சமைக்கிற பாத்திரம்?"

"எல்லாம் எவர்சில்வர். காபிப் பானை மட்டும் செம்பு. பயப்படாதீங்க, உள்ளே ஈயம் பூசியிருக்கு. என் கையாலேயே பூசினேன்." சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார்.

"எந்த ஈயம்?"

"ஈயந்தாம்மா."

"வெள்ளீயமா, காரீயமா?"

அவர் படித்தவர்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டையும் எழுதி மார்க் வாங்கியவர்தான். ஆனால் வீட்டில் யார் அப்படிப் பிரித்துச் சொன்னார்கள்? ரசம் வைக்கிற சொம்பும் ஈயம், கடலில் முங்குகிற குண்டும் ஈயம்.

"வலைக்குண்டு," என்றார் மெதுவாக.

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "அது காரீயம் ஐயா, விஷம். ரொம்ப நாளா உள்ளே போயிருக்கு. மருந்து ஏத்துவோம். ஆனா கிட்னி ரெண்டும் ரொம்பக் கெட்டுப்போச்சு. இனிமே அந்தப் பானையில ஒரு சொட்டுகூட வேண்டாம்."

அவர் வார்டுக்குத் திரும்பியபோது ஆனந்தவல்லி விழித்திருந்தாள். "இந்த கேன்டீன் காபி, தம்ளர் கழுவின தண்ணி. வீட்டுக்குப் போயி சக்களத்தி காபி ஒரு வாய் கொண்டாங்களேன்."

"பானை... ஓட்டையாயிடுச்சு."

"அதுக்கென்ன? ஈயம் பூசிடுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

தொங்கிய கையை அவர் எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். அவள் தூங்கிப்போயிருந்தாள். மறுநாள் சொல்ல நினைத்தார். மறுநாளும் அவள் காபிதான் கேட்டாள். ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை, சொல்ல வேண்டிய ஆள் இல்லாமல் போனாள்.

சிங்கப்பூரிலிருந்து மகள் வானதி வந்து இறங்கி, "என்னப்பா சொன்னாங்க?" என்று கதறினாள். "கிட்னி," என்றார். பொய்யில்லை. அதற்குப் பின்னால் இருந்ததைத்தான் விழுங்கிவிட்டார். பானையைத் தூக்கிப்போடப் பயந்து, பரணில் ஏற்றினார். தூக்கிப்போட்டால் ஏன் என்று கேட்பார்களே.

பதினாறாம் நாள் காரியம். குளத்தில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு பஞ்சநதம் வீட்டுக்குள் வந்தபோது மூக்கு முதலில் அறிந்தது. படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. வடை, பாயசம், அவளுக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு. நடுவில், புளிபோட்டுத் துலக்கியதில் தகதகவென்று, சக்களத்தி. குமிழுக்குள் காபி ஆடி அடங்கிக்கொண்டிருந்தது.

"பரண்ல கெடந்துச்சுப்பா," என்றாள் வானதி. "அம்மா போன்ல எப்பப் பார்த்தாலும் இந்தக் காபியைத்தானே சொல்லும். அதான், இதுலயே போட்டுப் படைச்சேன்."

சூடம் காட்டினார்கள். காக்கைக்குச் சோறு வைத்தார்கள். படைத்ததை வீட்டு மனுஷர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். வானதி தம்ளர்களில் ஊற்றி முதலில் மகள் அபிநயாவிடம் நீட்டினாள். "இந்தா, அம்மாச்சி குடிச்ச காபி. ஒரு வாய் குடி."

"குடிக்காத!" பஞ்சநதம் தட்டிவிட்டதில் தம்ளர் உருண்டு காபி கோலத்தின் மேல் ஓடியது.

"என்ன தாத்தா?" என்று பயந்துபோய்ப் பின்வாங்கினாள் அந்தப் பெண்.

"அதுல ஈயம் இருக்கும்மா."

"இருந்தா என்ன மாமா?" என்றாள் அம்சம். "ஈயம் ஒடம்புக்கு நல்லதுதானே? அக்கா ரசமே ஈயச்சொம்புலதான வைக்கும்."

கூடியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். வழி திறந்துதான் இருந்தது. தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"இது காரீயம்," என்றார். வார்த்தை குறுகிப்போய் வெளியே வந்தது.

"காரியம் முடிஞ்சிருச்சுப்பா," என்று வானதி அவர் தோளைப் பிடித்தாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. நீங்க உக்காருங்க. அழுதுடுங்க, பரவாயில்ல."

இரண்டாவது வழியும் திறந்தது. வாசல் பக்கம் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்த காயாரோகணத்தை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு மகளின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"வலைக்குண்டும்மா. மீன் வலையில கட்டுற குண்டு. அதை உருக்கி இதுக்குள்ள பூசினேன். அது விஷம்னு எனக்குத் தெரியல. டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். உங்கம்மாவுக்குக் காலையும் சாயங்காலமும் நாந்தான் ஊத்திக் கொடுத்தேன். பட்டுக்கோட்டைக்கும் தூக்கிட்டுப் போனேன்."

அம்சம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். காயாரோகணம் தம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வானதி கேட்டாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஓட்டைன்னு சொல்லிட்டேன்."

"அம்மா என்ன சொல்லுச்சு?"

"ஈயம் பூசிடுங்கன்னு சொன்னா."

வானதி இலைக்கு நடுவிலிருந்த பானையை இரண்டு கையாலும் தூக்கினாள். இன்னும் சூடாகத்தான் இருந்திருக்கும். அவள் பொருட்படுத்தவில்லை. கொல்லைக்கு நடந்தாள். வாழையடியில் சாய்க்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். வாழைக்கு அப்பால் சாக்கடை, சாக்கடை போய் விழுகிற வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மழையில் முழங்கால் உயரம் நிற்கிற சம்பா. கண்ணுக்கு எட்டிய மட்டும் யாரோ ஒருவருடைய சோறு.

"இதை எங்கப்பா ஊத்துறது?" என்று அங்கிருந்தே கேட்டாள்.